திரும்பாத நரம்பு

குவாராந்தா
21 அக்டோபர் 1974

மதிப்பிற்குரிய டாக்டர் அபெலார்தோ கலார்சா அவர்களுக்கு,

உங்களுக்கு ஒப்துலியா என்று ஓர் அக்கா உண்டு, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவை அடக்கம் செய்த அன்று உங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். அவள்தான் எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்த ஆள், என் துரதிர்ஷ்டம், நீங்களாகப் போய்விட்டீர்கள்.

என் கழுத்தில் கழலை. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் சுகாதார ஜீப்பில் வந்து, சந்தை நடுவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "கல் உப்பு வாங்காதீங்க, கழுத்து வீங்கும், அயோடின் போட்ட கடை உப்பு வாங்குங்க" என்று முழங்கினீர்களே, அந்தக் கழுத்துதான். நாலு எட்டு தள்ளி, அந்தக் கல் உப்பை விற்று உங்களை டாக்டராக்கிய அம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று துணியை மடித்து எழுந்தவள் அதற்குப் பிறகு கடை விரிக்கவில்லை. அவள் காய்ச்சி வைத்துவிட்டுப் போன உப்பைத்தான் இன்றுவரை தின்கிறேன். பிடிவாதம் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது. ரியோபம்பாவில் டாக்டர் உர்தியாலெஸ் பார்த்துவிட்டு, "எடுத்தே ஆகணும்மா, இன்னும் விட்டா மூச்சுக்குழாயை நெரிச்சுடும்" என்கிறார். எடுக்கட்டும். குரல் போய்விடுமா என்று கேட்டேன். "பக்கத்துல ஒரு நரம்பு ஓடுது, பாத்துதான் செய்வோம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். பங்குக் கோயில் ரேடியோவில் காலையும் மாலையும் சேதி படிக்கிறேன். தபால்காரன் ஏறாத மேட்டு ஊர்களுக்கு நான்தான் தபால், நான்தான் தந்தி. யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எல்லாம் என் வாயால்தான் போக வேண்டும். பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா வந்தால் கேட்கவே வேண்டாம். கடற்கரைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஆண்கள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள், அவர்கள் மூட்டையை ஏற்ற எந்த வளைவில் கழுதையோடு நிற்க வேண்டும் என்று மலை முழுக்கக் காது கொடுத்திருக்கும். அதற்குள் நான் மைக் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும்.

அந்த நரம்பு எங்கே இருக்கிறது? அறுக்கிறவர் எதை அடையாளம் வைத்து அதைக் கண்டுபிடிப்பார்? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். நீங்கள் அறுக்க வர வேண்டாம்.

ஒப்துலியா கலார்சா


கீட்டோ
29 அக்டோபர் 1974

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வாசலிலேயே நின்று படித்தேன். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு கோபத்திலும் "டேய்" என்றுதான் என்னைத் திட்டியிருக்கிறாய். இந்த மரியாதைதான் வலிக்கிறது.

சந்தை விஷயத்தை இப்போது எழுத மாட்டேன். எழுதினால் சண்டைதான் வரும்.

கேட்டதற்குப் பதில். குரலை ஆட்டுவிக்கும் நரம்பு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தலையிலிருந்து இறங்கும் பெரிய நரம்பின் கிளை அது. விசித்திரம் என்னவென்றால், அது நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் இறங்கி, ஒரு பெரிய ரத்தக்குழாயை வளைத்துக்கொண்டு, மறுபடி கழுத்துக்கு ஏறி வரும். தையல் நூல் தடிமன், வெள்ளை நிறம்.

ஏறி வரும்போது அதைப் பிடிக்க அடையாளங்கள் உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, நரம்பு பெரும்பாலும் அதில்தான் வரும். பக்கவாட்டிலிருந்து தைராய்டு சுரப்பிக்கு, அதாவது உன் கழலைக்கு, வரும் தமனி அதன் குறுக்கே போகும், சிலருக்கு நரம்பு அதற்கு முன்னால், சிலருக்குப் பின்னால். அதனால் நரம்பைக் கண்ணால் பார்க்காமல் அங்கே எதையும் கட்டக் கூடாது. சுரப்பியின் பின்பக்கம் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அதை மெல்லத் தூக்கினால் நரம்பு அடியில் கிடக்கும். கடைசியாக, சுரப்பியை மூச்சுக்குழாயோடு இறுக்கிப் பிடித்திருக்கும் நார். நரம்பு அதை உரசிக்கொண்டுதான் உள்ளே நுழையும். பாதிக் குரல்கள் போவது அங்கேதான். கொஞ்சம் ரத்தம் கசிந்தால் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியைப் போட்டுவிடுவார்கள்.

சுரப்பியின் மேல் நுனியில் இன்னொரு நரம்பு இருக்கிறது, இதைவிடச் சன்னம். குரலை உயர்த்துவதற்கு அதுதான். அங்கே ரத்தக்குழாய்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டக் கூடாது, ஒவ்வொன்றாகச் சுரப்பியை ஒட்டிக் கட்ட வேண்டும்.

உர்தியாலெஸ் மோசமானவர் இல்லை. ஆனாலும் நீ கீட்டோவுக்கு வா. நான் அறுக்க மாட்டேன், சொந்த ரத்தத்தை அறுப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். என்னைவிடக் கைதேர்ந்தவர் இங்கே இருக்கிறார். கதவுக்கு வெளியே நிற்கவாவது விடு.

அபெலார்தோ


குவாராந்தா
4 நவம்பர் 1974

டாக்டர் தம்பிக்கு,

சரி, "நீ" என்றே எழுதுகிறேன், அழாதே.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பள்ளம், தமனி, குமிழ், நார். பல் விளக்கும்போதுகூட மனசுக்குள் ஓடுகிறது. தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறைந்தபாடில்லை. கீட்டோவுக்கு வர மாட்டேன். உன் வீட்டில் தங்கி, உன் சோற்றைத் தின்று, உன் உப்பைத் தின்று, அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? வரும் 25-ஆம் தேதி ரியோபம்பாவிலேயே நாள் குறித்தாகிவிட்டது.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். கருஞ்சோள மாவும் பழமும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, குழந்தை உருவில் சுட்ட பாப்பா ரொட்டி, எல்லாம் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன். வழக்கம்போல ரொட்டி நெஞ்சில் நின்றுகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தவள் முதுகில் நாலு குத்து விட்ட பிறகுதான் இறங்கியது. உர்தியாலெஸிடம் சொன்னேன். "கழலை அழுத்துதும்மா, எடுத்துட்டா சரியாயிடும்" என்றார்.

அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள், தெரியுமா? "பேசாம தின்னுடி, பேச்சுதான் உனக்கு அடைக்குது." கார்னிவலுக்கு வாய் நிறைய வறுத்த பார்லி மாவைப் போட்டுக்கொண்டு, கொட்டாமல் "பாஞ்சோ" என்று சொல்ல வேண்டுமே, அந்த விளையாட்டில் நான் ஒரு வருஷமாவது ஜெயித்திருக்கிறேனா? நீ பொடியன், நீகூட ஜெயிப்பாய். வீட்டிலேயே பெரிய வாயாடி நான்தான், மாவை விழுங்க முடியாமல் நீலம் பாரித்து நிற்பேன். நீங்கள் எல்லாரும் தரையில் புரண்டு சிரிப்பீர்கள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

உன் அக்கா


கீட்டோ
8 நவம்பர் 1974

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் ஓட்டுகிற மெசியாஸிடம் கொடுத்து, உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு, நான் சொல்வது முடியும்வரை ஆபரேஷன் மேஜையில் படுக்காதே.

நீ சிரிப்பு வருகிறது என்று எழுதிய இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பழைய பாடப் புத்தகத்தை எடுத்தேன். உன் கழலைக்கு எத்தனை வயசு? மூன்று வருஷமா, நாலா? நீ அடைத்துக்கொண்டு நின்றது எனக்குப் பல் விழுந்து முளைத்த காலத்திலிருந்து. அப்போது உன் கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி இருந்தது. கழலை எப்படி அடைத்திருக்க முடியும்? உர்தியாலெஸ் இன்றைய உன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நீ பேச்சினால் அடைத்துக்கொள்கிறாய் என்று அம்மா சொன்னாள், நாங்களும் நம்பினோம். டாக்டருக்குப் படித்த பிறகும் நான் அதை யோசித்ததில்லை.

கேள். லட்சணமாக இருக்கிற பலருக்கும் உள்ளே அமைப்பு மாறியிருக்கும். வலது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் சிலருக்குப் பிறவியிலேயே வேறு இடத்தில் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னால் புகுந்து போகும். காய்ந்த சாப்பாடு அந்த இடத்தில் தடுக்கும். வலப்பக்க நரம்பு வளைத்துக்கொண்டு திரும்ப வேண்டிய குழாய் அதுதான். அது தன் இடத்தில் இல்லையென்றால் நரம்பு நெஞ்சுக்கு இறங்கவே இறங்காது, திரும்பி ஏறவும் ஏறாது. கழுத்திலேயே குறுக்காக நேரே குரல்வளைக்குப் போய்விடும்.

அப்படியானால் போன கடிதத்தில் நான் எழுதிய அடையாளங்கள் வலப்பக்கத்துக்குப் பொருந்தாது. உர்தியாலெஸ் பள்ளத்தில் தேடுவார், இருக்காது. குறுக்கே ஒரு வெள்ளை நூல் தெரியும், ஏதோ சின்ன ரத்தக்குழாய் என்று கட்டி வெட்டிவிடுவார். அவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். நூறு பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு மருந்தைக் குடிக்க வைத்து, அது இறங்கும்போது பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொல். உணவுக்குழாயின் பின்பக்கம் அந்தக் குழாய் அழுத்திய தடம் சாய்வாக விழுகிறதா என்று பார்க்கச் சொல். உறையில் அவருக்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். நீ அங்கிருந்து நகராதே.

அபெலார்தோ


குவாராந்தா
17 நவம்பர் 1974

தம்பி,

அவர் சிரிக்கத்தான் செய்தார். "உங்க தம்பி புத்தகத்துல படிச்சதையெல்லாம் உங்க கழுத்துல தேடுறாரா?" என்றார். "ஆமா டாக்டர், அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், நீங்க படத்தை எடுங்க" என்று நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். இருபது பேர் வெளியே காத்திருந்தார்கள், ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

மருந்து வாயில் வைக்க முடியவில்லை, சுவரைக் கரைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "தடம் இருக்கும்மா. உங்க தம்பி சொன்ன அதே இடத்துல."

பிறகு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் என் கைக்கு வந்ததில்ல. உங்க தம்பி வந்து எதிர்ல நிப்பாரான்னு கேளுங்க" என்றார். ஆபரேஷனை டிசம்பர் 3-க்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

கேட்டுவிட்டேன். இதற்கு மேல் கெஞ்ச எனக்கு வாய் வராது.

ஒப்துலியா


கீட்டோ
22 நவம்பர் 1974

அக்கா,

வருகிறேன். வெட்டுவது அவர், எதிரில் நின்று பிடித்துக்கொடுப்பது நான். வழக்கத்துக்கு அது சரியாகிவிடும், என் மனசுக்குத்தான் சரியாகவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த நரம்பை நானும் உயிரோடு இருக்கிற ஆளிடம் பார்த்ததில்லை. படிக்கும்போது பிணவறையில் ஒருமுறை பார்த்தேன், அவ்வளவுதான். நேற்று போய் மறுபடி ஒரு கழுத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பதைப் பார்த்தே எனக்கு எரிச்சல் வந்தது.

மயக்கம் கொடுக்கும் முன்னால் மூடிய முகத்தோடு ஒருவன் உன் தலைமாட்டில் வந்து நிற்பான். திட்டிவிடாதே, நான்தான்.

அபெலார்தோ


கீட்டோ
20 டிசம்பர் 1974

அக்கா,

நீ ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?

மயக்கம் தெளிந்ததும் பேரைச் சொல்லச் சொன்னோம். உதட்டை இறுக்கிக்கொண்டாய். மறுநாளும் அப்படியே. வலிக்கிறதா என்றால் தலையாட்டினாய். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாயே ஒழிய, ஒரு முனகல்கூட வரவில்லை. இப்போது மெசியாஸ் சொல்கிறான், "டாக்டரே, உங்க அக்கா சிலேட்டு வாங்கிக்கிட்டாங்க" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உள்ளே நடந்ததை அன்று உன்னிடம் சொல்ல முடியவில்லை, சொல்கிறேன். இடப்பக்கத்தை முதலில் முடித்தோம். நரம்பு பள்ளத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதன்பிறகு வலப்பக்கம். பள்ளம் காலி. உர்தியாலெஸ் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கீழிருந்து தேடுவதை விட்டு, கழுத்தின் பெரிய நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்து வந்தோம். குரல்வளை மட்டத்தில் அதிலிருந்து கிளம்பி, குறுக்கே, நேராக, கொடியில் கட்டிய நூல் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவர் மெதுவாக, "உங்க அக்கா பார்லி மாவு தின்னாம இருந்திருந்தா இன்னிக்கு இதை நான் வெட்டியிருப்பேன்" என்றார். நான் பிடித்திருந்த இடுக்கியை அசையாமல் வைத்திருந்தேன்.

ஒரு குறையும் உண்டு, அதையும் கேட்டுக்கொள். இடப்பக்கம் செய்யும்போதே எங்கள் இருவருடைய நினைப்பும் வலப்பக்கத்தில் இருந்தது. மேல் நுனியில் கட்டும்போது, ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டியதைக் கொத்தாகக் கட்டிவிட்டார். எதிரில் நின்ற நானும் கவனிக்கவில்லை. குரலை உயர்த்தும் அந்தச் சன்ன நரம்பு நசுங்கியிருக்கலாம். உச்சத்துக்குப் போகக் கஷ்டமாக இருக்கலாம், சீக்கிரம் களைக்கலாம். சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும்.

ஆனால் பேச்சு வரும். கடைசியில் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், குரல் நாண்கள் இரண்டும் அசைந்தன. என் கண்ணால் பார்த்தேன். பேசு அக்கா.

அபெலார்தோ


குவாராந்தா
12 ஜனவரி 1975

தம்பி,

மூச்சு நன்றாக இருக்கிறது. தலையணை இல்லாமல் தூங்குகிறேன். காயம் ஆறிவிட்டது, கழுத்தில் ஒரு கோடு, சட்டைக் காலருக்குள் மறைந்துவிடும்.

பேசவில்லை. நீ கண்ணால் பார்த்தாய், சரி. நீ பார்த்தது அசைவை. சத்தம் வருமா என்று யார் பார்த்தது? மைக் முன்னால் போய் வாயைத் திறந்து, காற்று மட்டும் வந்தால் நான் என்ன செய்வேன்? பேசிப் பார்க்காதவரை என் குரல் எனக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். முட்டாள்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் காலையில் எழுந்து அடுப்பு மூட்டும்போது, இப்போது ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறக்கிறேன், தொண்டைவரை வந்து நின்றுவிடுகிறது. பயம்தான். நீ எத்தனை படம் எடுத்தாலும் அது தெரியாது.

நீ எழுதிய குறை வேறு இருக்கிறது. ஒவ்வொரு சேதிக்கும் கடைசியில் ஊர்ப் பேரை இழுத்து உயர்த்திச் சொல்வேனே, அதுதானே என் அடையாளம். அடுப்படியில் இருக்கிறவர்களுக்குப் புகையைத் தாண்டிக் கேட்பது அந்த உச்சம்தான். அது போனால் நான் ஏன் படிக்க வேண்டும்?

கோயில் மணியடிக்கிற தோரிபியோ இப்போது என் இடத்தில் படிக்கிறான். போன வாரம் ஊர்ப் பேரை மாற்றிப் படித்துவிட்டான். ஒரு கிழவர் கழுதையோடு வேறொரு வளைவில் நாள் முழுக்க மழையில் நின்றிருக்கிறார். அவர் மகன் இந்தப் பக்கம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறான். கார்னிவலுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. பாதர் தினமும் வந்து எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். எப்போது படிப்பாய் என்று மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார், அதுதான் பெரிய தொல்லை.

ஒப்துலியா


கீட்டோ
30 ஜனவரி 1975

அக்கா,

இனி பேசு என்று சொல்ல மாட்டேன்.

எல்லாரையும்போல நானும் ரேடியோவுக்கு ஒரு சேதி அனுப்பியிருக்கிறேன். பாதருக்கு எழுதிவிட்டேன், தோரிபியோ அதைத் தொடக் கூடாது, ஒப்துலியா கலார்சாதான் படிக்க வேண்டும், அவள் படிக்காவிட்டால் படிக்கவே வேண்டாம் என்று. நகல் இது:

"யுராக்ரூமியில் இருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும். குவாராந்தா உப்புக்காரி மகன் அபெலார்தோ, கார்னிவல் சனிக்கிழமை மெசியாஸின் பஸ்ஸில் வருகிறான். அக்காவோடு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி வருவான். கழுதை வேண்டாம், நடந்து வருவான்."

யுராக்ரூமிதான் ரேடியோ எட்டுகிற கடைசி ஊர், அம்மா பிறந்த ஊர். சந்தை நாளுக்குப் பிறகு அங்கே என் முகத்தைக் காட்டவில்லை. சொல்லாமல் போய் நின்றால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். நீ படிக்காவிட்டால் நான் வருவது யாருக்கும் தெரியாது, வரவும் மாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. மிரட்டத்தான் செய்கிறேன்.

அபெலார்தோ


குவாராந்தா
6 பிப்ரவரி 1975

டேய்,

உன் சீட்டு வந்ததிலிருந்து மேஜை மேல் கிடந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பாதர் அதை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மலை முழுக்கக் காத்துக்கொண்டிருக்கிறது, நான் மூச்சுவிடுவது மட்டும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். பிறகு படித்தேன்.

வந்தது. என் குரல் மாதிரி இல்லை, யாரோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி கரகரவென்று இருந்தது, ஆனால் வந்தது. கடைசியில் "யுராக்ரூமி" என்று உயர்த்தப் போனேன், பாதியில் உடைந்து கீழே விழுந்தது. மறுபடி உயர்த்தினேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை உயர்த்தவில்லை. மெதுவாக, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சொல்வது மாதிரி சொன்னேன். விளக்கு அணைந்ததும் மேஜையில் தலையை வைத்து அழுதேன். யாருக்கும் கேட்டிருக்காது, கடைசி வீடுவரை போயிருக்காது என்று அழுதேன்.

இன்று காலை யுராக்ரூமியிலிருந்து உர்சுலினா இறங்கி வந்தாள், கடைசி வீட்டுக்காரி. உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "என்னடி ஆச்சு உன் குரலுக்கு?" என்றாள். கேட்டதா என்று கேட்டேன். "கேக்காம? முன்னாடி நீ கத்துவ, நாங்க அடுப்படியில இருந்தபடியே கேப்போம். இப்ப எல்லாரும் எழுந்து ரேடியோகிட்ட வந்து உக்காந்து கேட்டோம். என் மாமியார்கூட எழுந்து வந்தா" என்றாள்.

பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டே, "அந்த உப்பு டாக்டர் வர்றானாமே?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வரட்டும். என் மருமக கழுத்தைக் கொஞ்சம் பாக்கச் சொல்லு, வீங்கின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதை மெசியாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே பஸ்ஸில் ஏறி வா. பார்லி மாவு வறுத்து வைத்திருக்கிறேன், இந்த வருஷம் நான் பார்வையாளர், நீ விளையாடு. அம்மாவின் உப்பு இன்னும் அரை மூட்டை இருக்கிறது, அது இருக்கட்டும். வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் கடை உப்பு வாங்கி வா.

ஒப்துலியா